பதில் சல்யூட்

(சுதந்திர தினச் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: கொடிக்கும் படைவீரருக்கும் நாம் தருகிற மரியாதைக்கு மனம் இருந்தால் போதுமா? முறையும் வேண்டுமா? ‘முறையும் வேண்டும்’ அணியில் ஆற்றிய உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னாலே பேசி வழி அமைத்துக் கொடுத்த எங்கள் அணித் தலைவர் அவர்களே! மனசு நிறைய மரியாதையை வைத்துக்கொண்டு, அதை வெளியிலே காட்டாமல் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்திலே நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிற குடும்பத்தாரே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பாருங்க, இப்போ நான் கையைக் கூப்பி வணக்கம் சொன்னேன். எதிரணியின் வாதப்படி பார்த்தால் நான் இதைச் செய்திருக்கவே வேண்டாம். நேராக வந்து மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்திருக்கலாம். ‘என்னம்மா, ஒரு வணக்கம்கூடச் சொல்லலையே’ என்று நடுவர் கேட்டால், ‘மனசுக்குள்ளே சொல்லிட்டேன் ஐயா’ என்று சொல்லியிருக்கலாம். நடுவரும் தீர்ப்பை மனசுக்குள்ளேயே சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். (சிரிப்பு, கைதட்டல்)

எங்க வீட்டிலேயும் எதிரணிக்காரர் ஒருத்தர் இருக்கார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. ‘இன்னைக்குச் சாம்பார் நல்லா இருக்கு’ன்னு ஒரு நாள் வாயைத் திறந்து சொன்னதில்லை. கேட்டால், ‘அதான் மனசுக்குள்ளே நினைச்சேனே’ என்பார். உப்பு குறைஞ்சா மட்டும் அந்த மனசு எப்படியோ வாய் வழியா வெளியே வந்துடுது! (சிரிப்பு)

சரி, சிரித்தது போதும், விஷயத்துக்கு வருவோம்.

எதிரணியின் தம்பி நல்லாப் பேசினார். ‘திருப்பூர் குமரனுக்கு எந்த விதிப் புத்தகம் சொல்லிக் கொடுத்தது? அவர் மனசு சொன்னது, கொடியைக் காத்தார்’ என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனால் தம்பி, கொஞ்சம் யோசிக்கணும். 1932 ஜனவரி 10. தடியடி விழுகிறது. மண்டை உடைகிறது. மறுநாள் உயிர் போகிறது. அந்த இளைஞன் கடைசி வரைக்கும் செய்தது என்ன? கையிலே பிடித்த கொடியைக் கீழே விடவில்லை. அன்றைக்கு அந்தக் கொடியிலே இருந்தது ராட்டை. அசோகச் சக்கரம் போட்ட கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22-ல்தான். இன்றைக்கு நடைமுறையிலே இருக்கிற கொடி விதித் தொகுப்பு 2002 ஜனவரி 26-ல் வந்தது. கொடி தரையிலே படக்கூடாது என்று அதிலே ஒரு விதி இருக்கிறது. நாம் அதை மையிலே படிக்கிறோம். குமரன் அதை ரத்தத்திலே எழுதிவிட்டுப் போனார். மனசுக்குள்ளே கொடியை வைத்துக்கொண்டு கையிலே இருந்ததைப் போட்டிருந்தால் அவர் உயிரோடு வீட்டுக்குப் போயிருக்கலாமே! (பலத்த கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். அதனாலே ஒரு பழைய சங்கதியைச் சொல்லாமல் போக முடியாது. காவிரிப்பூம்பட்டினத்திலே பறந்த கொடிகளைப் பட்டினப்பாலையிலே உருத்திரங்கண்ணனார் அடுக்கிக்கொண்டே போகிறார். துறைமுகத்திலே நிற்கிற கப்பல்கள் மேலே கொடி. கள்ளுக்கடை வாசலிலே கொடி. இன்னொரு கொடியையும் சொல்கிறார். கற்றறிந்த ஆசிரியர்கள், ‘வாங்க, வாதம் பண்ணலாம்’ என்று அழைப்பு விட்டு ஏற்றி வைத்த கொடி. அதாவது நம்ம பட்டிமன்றத்துக்குக் கொடி! கள்ளுக்கடைக்கும் கொடி, நமக்கும் கொடி. இரண்டு இடத்திலேயும் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி என்பதனாலே இருக்கலாம். (சிரிப்பு) நான் கேட்கிறது இதுதான். கொடி என்கிற பொருளே கண்ணுக்குத் தெரியணும் என்பதற்காகப் பிறந்தது. மனசுக்குள்ளே கொடி ஏற்றினவன் உலகத்திலே உண்டா?

அடுத்து சல்யூட்டைக் கிண்டல் பண்ணினாங்க. ‘வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது, விறைப்பா நின்னு கையைத் தூக்கறது, இதிலே என்ன மரியாதை இருக்கு’ என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, அந்தக் கையிலே என்ன இருக்கு என்று பார்த்திருக்கீங்களா? நம்ம நாட்டு மூன்று படைகளும் மூன்று விதமாக சல்யூட் அடிக்கின்றன. தரைப்படை வீரன் அடித்தால் உள்ளங்கை எதிரே இருப்பவருக்கு முழுசாத் தெரியும். விரல்கள் சேர்ந்து, நடுவிரல் தொப்பி விளிம்பைத் தொடுகிற மாதிரி நிற்கும். ‘என் கையிலே ஆயுதம் இல்லை, உங்களை நம்பி நிற்கிறேன்’ என்று பொருள் சொல்லுவாங்க. கடற்படையிலே உள்ளங்கை கீழே பார்த்திருக்கும். அந்தக் காலத்துக் கப்பலிலே கயிறும் தாரும் இழுத்து மாலுமியின் உள்ளங்கை கறுத்துப் போயிருக்குமாம். அந்த அழுக்கை அதிகாரிக்குக் காட்டக்கூடாது என்று திருப்பிக்கொண்டான் என்று ஒரு கதை. விமானப்படை முதலிலே தரைப்படை மாதிரிதான் அடித்துக்கொண்டிருந்தது. 2006-ல் மாற்றினார்கள். இப்போது உள்ளங்கை சாய்வாக, 45 டிகிரியிலே நிற்கும். விமானம் கிளம்பி மேலே ஏறுகிற சாய்வு என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்.

வெள்ளைக்காரன் கதையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே முதலிலே தொப்பியைக் கழற்றித்தான் மரியாதை. தொப்பியை இத்தனை தடவை கழற்றி மாட்டினால் என்ன ஆகும்? நைந்து போகும். இங்கிலாந்திலே கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் என்று ஒரு படைப்பிரிவு. 1745-ல் அவர்களுக்கு உத்தரவு வந்தது. இனிமேல் கழற்ற வேண்டாம், கையைத் தொப்பி வரைக்கும் கொண்டு போனால் போதும் என்று. முறை என்பது கல்லிலே வெட்டினது இல்லை ஐயா, காலத்துக்குத் தக்கபடி மாறும். நம்ம கடற்படைக் கொடியிலே இருந்த வெள்ளைக்காரனுடைய சிலுவைக் கோட்டை 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி எடுத்துவிட்டார்கள். கொச்சியிலே விக்ராந்த் கப்பலைப் படையிலே சேர்த்த அன்றைக்கு. வேண்டாததை எடுத்தார்கள். ஆனால் அந்தக் கொடிக்கு அடிக்கிற சல்யூட்டை யாரும் எடுக்கவில்லை.

இப்போ நான் சொல்லப் போறதுதான் முக்கியம். எதிரணி கவனிக்கணும். சல்யூட் என்பது ஒரு பக்கத்து விஷயம் இல்லை. சிப்பாய் அடித்தால் அதிகாரி திருப்பி அடிக்கணும். அவர் ஜெனரலாகவே இருக்கட்டும். இரண்டு கையிலேயும் ஏதாவது வைத்திருந்தால், முகத்தையாவது அவன் பக்கம் திருப்பணும். பார்க்காத மாதிரி போக அவருக்கு உரிமை கிடையாது. அது மட்டுமில்லை, நம்ம ராணுவத்திலே சுபேதாரை அவருக்கு மேலே இருக்கிற இளம் அதிகாரியும் ‘சாப்’ போட்டுத்தான் கூப்பிடணும். இருபத்திரண்டு வயசு லெப்டினென்ட், நாற்பத்தைந்து வயசு சுபேதாரை ‘சுபேதார் சாப்’ என்பான். உத்தரவு போடுகிறவனும் அவன்தான், ‘சாப்’ சொல்கிறவனும் அவன்தான். நம்ம ஆபீஸ்களிலே யோசித்துப் பாருங்க. இருபத்திரண்டு வயசு மானேஜர், நாற்பத்தைந்து வயசுக்காரரை என்ன சொல்லிக் கூப்பிடறான்? கூட்டத்திலே சிலர் தலையைக் குனியறீங்க, நான் பார்த்துட்டேன். (சிரிப்பு)

இந்தப் பதில் சல்யூட் எனக்கு எப்படித் தெரிந்தது? புத்தகத்திலே படித்துத் தெரியவில்லை. அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லவா என்று வர்ற வழியெல்லாம் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே வாசலிலே ஒரு காவலாளி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலே ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்று முழங்குகிற படை அது. அந்தப் படைக்காரர்களை ராணுவத்திலே ‘தம்பி’ என்றே சொல்வார்களாம். எங்கள் கல்லூரியிலே அவருக்கு ஹவில்தார் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டிலே மட்டும் இருந்தது. தினமும் காலையிலே நான் கேட்டுக்குள்ளே நுழையும்போது அவர் எழுந்து நின்று ஒரு சல்யூட் அடிப்பார். பூட்ஸ் சத்தம் கேட்கும். நான்? ஒரு தோளிலே பை, ஒரு கையிலே விடைத்தாள் கட்டு, எட்டு நாற்பதுக்கு வகுப்பு. போய்க்கொண்டே இருப்பேன். ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை. பதினோரு வருஷம்.

ஒரு மழைநாள். அன்றைக்கு அவர் சல்யூட் அடிக்கவில்லை. விறைப்பாக நின்றார், அவ்வளவுதான். எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது. பாருங்க மனுஷ புத்தியை! பதினோரு வருஷமா கிடைச்சதைக் கவனிக்கவில்லை, ஒரு நாள் கிடைக்கலை என்றதும் கவனித்துவிட்டேன். நின்று கேட்டேன், ‘என்ன ஹவில்தார், ஏதாவது கோபமா?’

அவர் சொன்னார்: ‘இல்லீங்கம்மா. தொப்பி நனைஞ்சு போச்சு, காயப் போட்டிருக்கேன். தொப்பி இல்லாத தலையோட எங்க பட்டாளத்துல சல்யூட் அடிக்க மாட்டோம். சாவ்தான்ல நிப்போம். அதுவும் மரியாதைதாங்கம்மா.’

நான் சிரித்துக்கொண்டே, ‘நான் என்ன கர்னலா? எனக்குப் போய் எதுக்கு ஹவில்தார் தினமும் சல்யூட்’ என்றேன். பெருந்தன்மையாகப் பேசுகிறேன் என்று நினைப்பு எனக்கு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ‘தப்பா நெனைக்காதீங்கம்மா. நான் உங்களுக்கு அடிக்கல. புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற அந்த எடத்துக்கு அடிக்கிறேன். பட்டாளத்துலயும் அப்படித்தான். ஆள் நல்லவனோ கெட்டவனோ, தோள்ல இருக்கிற பட்டைக்குத்தான் சல்யூட்டு. ஆனா ஒண்ணுங்கம்மா. அங்க யாரும் வாங்கிக்காமப் போக மாட்டாங்க.’

(அரங்கில் அமைதி)

‘வாங்கிக்காமப் போக மாட்டாங்க.’ பி.எச்டி. வாங்கினவள் நான். விருந்தோம்பல், அடக்கமுடைமை, பண்புடைமை என்று அதிகாரம் அதிகாரமாகப் பாடம் நடத்துகிறவள். என் மனசிலே அவர்மேல் மரியாதை இல்லையா? இருந்தது ஐயா. சத்தியமாக இருந்தது. தீபாவளிக்குப் புடவை எடுக்கிறபோது அவர் சம்சாரத்துக்கும் ஒன்று எடுத்திருக்கிறேன். ஆனால் என் மனசிலே இருந்த மரியாதை பதினோரு வருஷமா அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அவர் பார்த்தது என் முதுகை மட்டும்தான்.

‘நான் எப்படி ஹவில்தார் திருப்பிச் செய்யறது? புடவையைக் கட்டிக்கிட்டு கையைத் தூக்கவா?’ என்று கேட்டேன். ‘வேணாங்கம்மா. ரெண்டு நொடி நின்னு, மூஞ்சியப் பார்த்துத் தலையசைச்சா போதும்’ என்றார். ரெண்டு நொடி! அதற்குத்தான் எனக்குப் பதினோரு வருஷமாக நேரம் இல்லை.

அப்புறம் அவர்தான் எனக்கு குரு. அடுத்த சுதந்திர தின விழாவுக்கு நான்தான் பொறுப்பு. காலையிலே ஆறு மணிக்குப் போனால் கம்பத்தடியிலே ஹவில்தார் நிற்கிறார். கொடியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார். முதல் நாள் சாயந்திரம் நான் நின்று கட்ட வைத்த கொடி, பச்சை மேலே! ஏற்றியிருந்தால் மறுநாள் பத்திரிகையிலே என் படம் வந்திருக்கும். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்தார், உருளை சுற்றுகிறதா என்று பார்த்தார். மடித்த கொடிக்குள்ளே கொஞ்சம் ரோஜா இதழ் வைத்து, ஒரே இழுப்பிலே அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட்டார். ‘கொடிக்குள்ள வேற எதையும் வெக்கக் கூடாதும்மா, பூவுக்கு மட்டும் அனுமதி’ என்றார். பிறகு நான் விதித் தொகுப்பைத் தேடிப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. ஏற்றும்போது விறுவிறு என்று ஏற்றணும், இறக்கும்போது நிதானமாக இறக்கணும். துக்கத்துக்கு அரைக் கம்பம் என்றால், நேராகப் பாதியிலே கட்டக் கூடாது. முதலிலே உச்சிக்குக் கொண்டுபோய், அப்புறம்தான் பாதிக்கு இறக்கணும். மாலையிலே இறக்கும்போதும் மறுபடி உச்சிக்குப் போய்விட்டுத்தான் கீழே வரணும். துக்கத்திலேகூட அது ஒரு தடவை தலை நிமிர்ந்துவிட்டுத்தான் குனியுமாம்! இதை எழுதினவன் கவிஞனாகத்தான் இருக்கணும். அரசாங்க குமாஸ்தா என்கிறார்கள், நான் நம்பவில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

‘சட்டம் போட்டு மிரட்டி மரியாதை வாங்குவதா?’ என்று எதிரணியிலே ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு காலத்திலே சாதாரண ஜனங்கள் வீட்டிலே நினைத்தபோது கொடி ஏற்ற முடியாதுதான். நவீன் ஜிண்டால் என்பவர் தன் தொழிற்சாலையிலே கொடி ஏற்றினதற்குத் தடை வந்தது, வழக்குப் போட்டார். 2004 ஜனவரி 23-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, மரியாதையோடு கொடி பறக்கவிடுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று. உரிமை கொடுத்தது, ‘மரியாதையோடு’ என்ற ஒரு சொல்லையும் கூடவே கொடுத்தது. 2021 டிசம்பரிலே பாலியெஸ்டர் துணியிலேயும் கொடி செய்யலாம் என்றார்கள். 2022 ஜூலையிலே ராத்திரியும் பறக்கலாம் என்றார்கள். நல்லது. வீட்டுக்கு வீடு கொடி வந்தது, மனசு குளிர்ந்தது. ஆகஸ்ட் 15 அன்றைக்கு நம்ம எல்லார் மனசும் சுத்தம்தான். ஆகஸ்ட் 16 காலையிலே தெருவைக் கூட்டுகிற அம்மாவைக் கேளுங்க. சாக்கடை ஓரத்திலே, டீக்கடை வாசலிலே, பள்ளிக்கூட கேட்டிலே எத்தனை கொடி பொறுக்கினாங்கன்னு அவங்க சொல்லுவாங்க. போட்டவர்களுக்கு தேசபக்தி இல்லையா? இருக்கு. கிழிந்த கொடியை என்ன செய்யணும் என்கிற முறை தெரியவில்லை. தனியிடத்திலே, யாரும் பார்க்காமல், கௌரவமாக எரித்துவிடணும் என்று இருக்கிறது. பெற்றவங்களை அனுப்பி வைக்கிற மாதிரி.

நடுவர் முதல் மணி அடித்துவிட்டார். ஐயா, இன்னும் கொஞ்சம். ரெண்டு பெரிய விஷயம் பாக்கி.

எதிரணித் தலைவர் ஒரு வழக்கைச் சொன்னார். கேரளத்திலே 1985-ல் மூன்று குழந்தைகள் தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பினார்கள். அவர்கள் மதம் அதை அனுமதிக்கவில்லை. 1986-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி, அந்தக் குழந்தைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ‘ஆகவே முறை முக்கியமில்லை, மனசே முக்கியம்’ என்று தலைவர் முடித்தார். நல்ல வழக்கு ஐயா. ஆனால் பாதிதான் சொன்னீங்க. மீதியை நான் சொல்கிறேன். அந்தக் குழந்தைகள் பாடவில்லை. ஆனால் பாட்டு முடிகிற வரைக்கும் எழுந்து, மரியாதையாக நின்றார்கள். நீதிமன்றம் அதைத்தான் பார்த்தது. எழுந்து நின்றவர்களை அவமதித்தவர்கள் என்று சொல்ல முடியாது என்றது. அவர்கள் மனசிலே என்ன இருந்தது என்று எந்த நீதிபதியால் எட்டிப் பார்க்க முடியும்? எட்டிப் பார்க்கவும் கூடாது! மனசைக் காட்டு, தேசபக்தி எத்தனை கிலோ இருக்கு என்று நிறுத்துக் காட்டு என்று கேட்க ஆரம்பித்தால், அந்த நாட்டிலே யாரும் நிம்மதியாக இருக்க முடியாது ஐயா. எழுந்து நின்றால் போதும் என்று சொல்வதிலே எவ்வளவு பெரிய சுதந்திரம் இருக்கிறது! அந்த மூன்று குழந்தைகளையும் காப்பாற்றினது எது? எங்கள் கட்சிதான். நின்றார்களே, அந்த முறை! (பலத்த கைதட்டல்)

இன்னொன்று. மனசு இருந்தால்தான் மரியாதை என்றால், எதிரிக்கு யார் மரியாதை செய்வது? 1999 கார்கில். டைகர் மலையிலே சண்டை. பாகிஸ்தான் கேப்டன் ஒருவர், பெயர் கர்னல் ஷேர் கான். பெயரே கர்னல், பதவி கேப்டன். நம்ம ஆட்களை எதிர்த்துக் கடைசி வரைக்கும் சண்டை போட்டுச் செத்தார். நம்ம வீரர்களைக் கொன்ற கூட்டத்தின் தலைவர் அவர். நம்ம பிரிகேடியர் பாஜ்வா என்ன செய்தார் தெரியுமா? அந்த உடலை அனுப்புவதற்கு முன்னாலே, இந்த மனிதன் வீரமாகப் போரிட்டான் என்று ஒரு சீட்டு எழுதிச் சட்டைப்பையிலே வைத்து அனுப்பினார். அந்த கேப்டனுக்கு அந்த நாட்டின் மிக உயர்ந்த விருது, நிஷான்-எ-ஹைதர், கிடைத்தது. அந்த மலைகளிலே கிடந்த பாகிஸ்தான் வீரர்களின் உடல்களிலே பலவற்றை அவர்கள் அரசாங்கம் வாங்கிக்கொள்ளவில்லை. நம்ம ராணுவம் அவர்கள் மதச் சடங்குப்படி, ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தது. முந்தின நாள் தன் தோழனைப் பறிகொடுத்த சிப்பாய் அங்கே நின்றிருப்பானே! அவன் மனசிலே அன்பா இருந்திருக்கும்? நெருப்பு இருந்திருக்கும் ஐயா. ஆனால் கை முறைப்படி மண்ணைத் தள்ளியது. மனசு எழாத இடத்திலே முறை எழுந்து நின்றது.

இது நமக்குப் புதுசும் இல்லை. போரிலே விழுந்தவனுக்கு நடுகல் நட்ட இனம் நாம். தொல்காப்பியம் அதற்கு ஆறு படி சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பதிலே தொடங்கி, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, கடைசியிலே வாழ்த்துவது வரைக்கும். ‘செத்தவனை மனசிலே நினைச்சுக்கிட்டோம்’ என்று அந்த ஊர்க்காரன் வீட்டுக்குப் போய்விடவில்லை. மலைக்குப் போய்க் கல் தேடினான்.

ரெண்டாவது மணியும் அடித்தாச்சு. கடைசியாக ஹவில்தாரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

கல்லூரி வேலையும் முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். சில வருஷம் கழித்து உடம்புக்கு முடியாமல் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. போனேன். சின்ன வீடு, வாசலிலே பந்தல். மகன் டெம்போ ஓட்டுகிறவன். கடைத்தெருவுக்கு ஓடிப்போய் ஒரு பெரிய தேசியக் கொடி வாங்கிக்கொண்டு வந்தான், அப்பா மேலே போர்த்துவதற்கு. ஊர்ப் பையன்கள் எல்லாம் கூட நின்றார்கள். எனக்கும் அது நியாயம் என்றுதான் பட்டது. அவருக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

அங்கே ஒரு கிழவர், அவரோடு பட்டாளத்திலே இருந்த சுபேதார். குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ‘வேணாம்டா தம்பி’ என்றார். அரசு மரியாதையோடு நடக்கிற இறுதிச் சடங்குக்கும், படைகள் நடத்துகிற சடங்குக்கும்தான் கொடி போர்த்தலாம், வீட்டுச் சாவுக்குக் கூடாது என்று விளக்கினார். பையன் வெடித்துவிட்டான். ‘எங்கப்பன் இருபது வருஷம் பனியில நின்னானே, அது நாட்டுக்கு இல்லையா? ஒரு துணிகூடக் கிடையாதா?’ என்று கத்தினான். பந்தலே அழுதது. நானும் அழுதேன். அந்த நிமிஷத்திலே யாராவது ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் நான் எதிரணிக்குத்தான் போட்டிருப்பேன். ஒளிக்காமல் சொல்கிறேன்.

சுபேதார் கோபப்படவில்லை. ‘உங்கப்பன் இப்ப எழுந்தா என்ன சொல்லுவான்? அதைச் சொல்லு, நீ சொல்றபடி செய்யறேன்’ என்றார்.

பையன் நின்றான். வெகுநேரம் நின்றான். அப்புறம் அந்தக் கொடியை விரித்தான். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியிலே மடித்தான். இரண்டு பக்கமும் மடித்து, சக்கரம் மேலே தெரிகிற மாதிரி உள்ளங்கையிலே ஏந்தினான். சின்ன வயசிலே அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார் போல. அப்படியே ஏந்திக்கொண்டுபோய் வீட்டுக்குள்ளே அலமாரியிலே வைத்துவிட்டு வந்தான்.

பிறகு ஆறு கிழவர்கள், பையிலிருந்து பழைய பெரே தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தருக்கு முழங்கால் வளையவில்லை, ஒருத்தருக்குக் கை நடுங்குகிறது. வரிசையிலே நின்றார்கள். சுபேதார் ‘சாவ்தான்’ என்று ஒரு குரல் கொடுத்தார். ஆறு கையும் ஒன்றாக ஏறின.

நானும் கையைத் தூக்கப் போனேன். பதினோரு வருஷக் கடன் இருக்கிறதே. பாதியிலே ஞாபகம் வந்தது. என் தலையிலே தொப்பி இல்லை. கையைக் கீழே விட்டேன். குதிகால் ரெண்டையும் சேர்த்து, அந்த மழைநாளிலே அவர் நின்ற மாதிரியே, விறைப்பாக நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. சுபேதார்தான் வந்து, ‘போதும்மா’ என்றார்.

  (நீண்ட கைதட்டல்)